செம்பனைக் காட்டிலிருந்து டோலமைட் கோபுரங்களுக்கு: முதன்முறை ஏறப்போகிறவர்களுக்கு

மலேசியாவின் பத்தாங் பெர்சுந்தையில் மலை கிடையாது. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் மலை வந்துவிடவில்லை. செம்பனை, பழைய ஈயக் குட்டைகள், சிலாங்கூர் ஆறு, அதற்கப்பால் மறுபடியும் செம்பனை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வார இறுதிகளில் பத்துமலைப் பாறைக்குக் கயிறு தூக்கிக்கொண்டு போகும் தம்பி தங்கைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் கைப்பேசியில் இத்தாலியின் த்ரே சீமே கோபுரங்களைக் காட்டி, “அண்ணா, இதில் நாம் ஏற முடியுமா?” என்று கேட்காத மாதமில்லை.

முடியும். பணம், விடுமுறை, ஓராண்டுப் பயிற்சி மூன்றும் இருந்தால் முடியும். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் உச்சிக்குப் போகும் வழியைத்தான் கேட்கிறார்கள். உச்சியிலிருந்து தரைக்கு வரும் வழியை ஒருவரும் கேட்பதில்லை. நான்கு பக்கமும் செங்குத்தாக நிற்கும் கோபுரத்தில் நடந்து இறங்கும் பாதை பெரும்பாலும் இருக்காது. களைத்த கையோடும், மேகம் திரளும் வானத்தோடும், கயிற்றை நம்பி இறங்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கின் மேல் நிற்கிறது: இறக்கத்தைப் பார்த்து ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

டோலமைட் மலைகள் வடகிழக்கு இத்தாலியில் இருக்கின்றன. 2009இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பாறை சுண்ணாம்புக் கல்லின் பங்காளி. சுண்ணாம்போடு மெக்னீசியமும் கலந்தது. அமிலம் பட்டால் சுண்ணாம்புக் கல் பொங்குகிற அளவுக்கு இது பொங்காது. இதைக் கவனித்து 1791இல் எழுதியவர் டோலமியூ என்ற பிரெஞ்சு நிலவியலாளர். அவர் பெயரே கல்லுக்கும் மலைக்கும் நிலைத்துவிட்டது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெப்பக் கடலின் அடியில் படிந்தவைதான் இந்தக் கோபுரங்கள். நம் பத்துமலைக் கல் அதைவிட மூத்தது, ஏறத்தாழ 40 கோடி ஆண்டு என்பார்கள்.

ஏறுகிறவருக்கு வயது முக்கியமில்லை, பாறை எப்படித் தேய்ந்தது என்பதுதான் முக்கியம். நம் நாட்டுப் பாறையை வெதுவெதுப்பான மழை கரைத்திருக்கிறது. அதனால் குழிகள், தொங்கும் கல்தூண்கள், முன்னுக்குத் தள்ளிய சுவர்கள். கை பலம் கேட்கும் பாறை. அங்கே பனி உறைந்து உருகி உறைந்து பாறையை உடைத்திருக்கிறது. படிப்படியான விளிம்புகள், வெடிப்புகள், திண்ணைகள், அந்தத் திண்ணைகளின் மேல் உதிரிக் கற்கள். அங்கே கையைவிடக் காலுக்கும் கண்ணுக்கும்தான் வேலை அதிகம்.

கண்ணுக்கு ஒரு பாடம் உண்டு. டோலமைட்டில் ஏறுகிற எல்லோரும் முதல் நாளே கற்பது. சாம்பல் நிறப் பாறை பொதுவாக உறுதியானது. வெயிலும் மழையும் நெடுங்காலம் பட்டுத் தேறியது. மஞ்சள் நிறம் என்றால் மேலிருந்து பாறை பெயர்ந்து விழுந்து அதிக காலம் ஆகவில்லை என்று பொருள். பெரும்பாலும் செங்குத்தாகவோ வெளியே சாய்ந்தோ இருக்கும், கையோடு பெயர்ந்தும் வரும். கருப்புக் கோடுகள் தண்ணீர் வழிந்த தடம். கீழே நின்று சுவரை அண்ணாந்து பார்க்கும்போது, நீங்கள் போக வேண்டிய பாதை சாம்பல் நிறத்தை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். எளிய பாதைகள் அநேகமாக அப்படித்தான் போகும். மஞ்சள் சுவரின் நடுவில் நிற்கிறீர்கள் என்றால் பாதை தவறியிருக்க வாய்ப்பு அதிகம்.

எந்தக் கோபுரம், எந்த வரிசையில்

புகழ் வரிசையில் போகாதீர்கள். புகழ் வரிசை த்ரே சீமேயின் வடக்குச் சுவரில் தொடங்குகிறது. நடுக் கோபுரமான சிமா கிராண்டே 2,999 மீட்டர். அதன் வடக்குச் சுவரை 1933இல் எமிலியோ கோமிச்சியும் டிமாய் சகோதரர்கள் இருவரும் ஏறினார்கள். அடிப்பகுதி முழுவதும் வெளியே சாய்ந்த மஞ்சள் பாறை. பக்கத்துக் கோபுரத்தின் வடக்குச் சுவரை 1935இல் கஸ்ஸீனும் ராட்டியும் ஏறினார்கள். படித்து வியக்க வேண்டிய பாதைகள் இவை. முதல் பயணத்தில் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு.

முதலில் சிங்குவே தோர்ரி. கோர்தினா நகரத்துக்கு மேலே, நாற்காலி விஞ்சில் போய் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பாறையின் அடியில் நிற்கலாம். ஐந்து கோபுரங்கள் என்பது பெயர். உண்மையில் இன்னும் பல சிறு கோபுரங்கள் அங்கே இருக்கின்றன. உயரமானது தோர்ரே கிராண்டே, 2,361 மீட்டர். ஒரே கயிற்று நீளப் பாதைகளும் (ஒரு கயிறு எட்டும் தூரம்தான் கயிற்று நீளம்) உண்டு, நான்கைந்து கயிற்று நீளப் பாதைகளும் உண்டு. வானம் கறுத்தால் மலைவிடுதி கண்ணெதிரே. இரண்டு மூன்று நாள் இங்கேயே செலவழியுங்கள். “இவ்வளவு தூரம் வந்து சின்னப் பாறையிலா?” என்று தோன்றும். தோன்றட்டும். 2004இல் இங்கிருந்த ஒரு கோபுரம் சரிந்தே விழுந்தது. சின்னப் பாறை என்று எதுவும் இல்லை.

அடுத்து செல்லா கோபுரங்கள். செல்லா கணவாய்ச் சாலையிலிருந்து கொஞ்ச நேர நடையில் முதல் கோபுரத்தின் அடி. 4ஆம், 5ஆம் தரப் பாதைகள் பல இருக்கின்றன; தரம் என்பது கடினத்தின் அளவு, எண் கூடினால் கடினமும் கூடும். இறக்கத்தில் கயிற்றில் தொங்குவதைவிடக் கால் பதித்து, கை ஊன்றி இறங்குவது அதிகம். அது எளிது என்று நினைத்துவிட வேண்டாம். இறங்கும்போது கால் வைக்குமிடம் தெரியாது. எளிய பாறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி இறங்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாவது வயோலெத் கோபுரங்களில் ஒன்றான தெலாகோ, 2,790 மீட்டர். மூன்று கோபுரங்கள் வரிசையாக நிற்கும்: விங்க்லர், ஸ்டாபெலர், தெலாகோ. முதலில் ஏறியவர்களின் பெயர்களே இவற்றுக்கு. 1887இல் கேயோர்க் விங்க்லர் என்ற இளைஞர் தன்னந்தனியாக ஏறியதுதான் இங்கே தொடக்கம். தெலாகோவின் தென்மேற்கு முனையில் 1911இல் டீட்டா பியாஸ் ஏறிய பாதை 4ஆம் தரத்தின் மேற்பகுதியில் வரும். கடினம் பெரிதில்லை, ஆனால் இருபுறமும் வெறும் காற்று. அந்த முனையில் நின்று தோழருக்குக் கயிறு இழுக்கும்போது பாதங்களுக்கு இடையில் பள்ளத்தாக்கு தெரியும். அந்த வெறுமையைத் தாங்கும் மனம் 6ஆம் தரச் சுவரில் பழகிய கையால் மட்டும் வராது. இறக்கம் முழுக்கக் கயிறு. அதனால்தான் மூன்றாவது இடம்.

பிறகுதான் சிமா கிராண்டேயின் தெற்குப் பக்கப் பாதை. 1869 ஆகஸ்டில் பவுல் குரோமான், ஃபிரான்ஸ் இன்னர்கோஃப்லர், பேட்டர் சால்கர் மூவரும் முதன்முதலில் உச்சியைத் தொட்ட பக்கம் இதுதான். தரம் 3 என்று எழுதியிருக்கும். பத்துமலையில் 6ஆம் தரம் ஏறுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போனவர்கள் மாலையில் தலைவிளக்கோடு திரும்பிவருவதும் உண்டு. காரணம், வழி. ஓடைப் பிளவுகளும் திண்ணைகளுமாக வளைந்து வளைந்து போகும் பாதை. தவறான பிளவில் நுழைந்தால் உதிரிக் கற்களின் நடுவே முட்டுச் சந்து. ஏறிய வழியேதான் இறங்கவும் வேண்டும் என்பதால் போகும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தை முதலில் படிப்பது எப்படி

பவுல் ப்ராய்ஸ் என்ற ஆஸ்திரியர் 1911இல் பிரெண்டா டோலமைட்டில் இருக்கும் காம்பனீலே பாஸ்ஸோ கோபுரத்தின் கிழக்குச் சுவரில் தனியாக, கயிறில்லாமல் ஏறினார். ஏறியது பெரிய செய்தியில்லை. அதே சுவரில் அப்படியே இறங்கினார். இறங்க முடியாத இடத்தில் ஏறக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கயிற்றில் தொங்கி இறங்குவதைக்கூட அவர் குறைத்தே மதித்தார். அவ்வளவு கண்டிப்பு நமக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்: மேலே போனால் எப்படி வருவேன்?

பாதை வரைபடத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இறக்கம் எந்தப் பக்கம்? கயிற்றிறக்கம் எத்தனை? ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர்? உங்கள் கயிறு அதற்குப் போதுமா? இறங்கிச் சேருமிடம் புறப்பட்ட இடம்தானா, அல்லது மலையைச் சுற்றி வர வேண்டுமா? பாதி வழியில் மழை வந்தால் பின்வாங்க இடம் உண்டா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் அந்தப் பாதை அன்றைக்கு வேண்டாம். வேறு கோபுரம் இல்லாமல் போய்விடாது.

இன்னொரு வழக்கமும் நல்லது. முதல் நாள் மாலை, ஏறுவதற்கு முன்பே, இறங்குமிடத்துக்கு நடந்து போய்க் கீழிருந்து பாருங்கள். கடைசி இறக்கம் எங்கே முடிகிறது, அங்கிருந்து நடைபாதை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், மறுநாள் மூடுபனியில் பாதிப் பயம் குறையும்.

ஊரில் இருந்தபடியே தயாராவது

லாத்தார் நெடுஞ்சாலை வந்த பிறகு நமக்கு வழி எளிதாகிவிட்டது. கிழக்கே ஓட்டினால் டெம்ப்ளர் பூங்கா வருகிறது. அங்கே காட்டுக்கு மேலே தலைதூக்கி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுதான் புக்கிட் தாக்குன். கொஞ்சம் தெற்கே வந்தால் பத்துமலை.

தொடக்கம் உள்ளரங்கச் சுவரில் இருக்கட்டும். பெட்டாலிங் ஜெயா ஒன் உத்தாமாவில் இருக்கும் கேம்ப்ஃபைவ் போன்ற இடத்தில் இடுப்புப் பட்டை கட்டுவது, எட்டு வடிவ முடிச்சு, கயிறு பிடிப்பது ஆகியவற்றை முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். காணொளி பார்த்துக் கற்காதீர்கள். முடிச்சு சரியா என்று காணொளி உங்களைத் திருப்பிக் கேட்காது.

பிறகு பத்துமலை. கோயில் பக்கம் இல்லை. அங்கே ஏற 272 படிகள் இருக்கின்றன, கயிறு தேவையில்லை. பாறையேறுகிற சுவர்கள் குன்றின் மற்றப் பக்கங்களில்: டாமாய், நன்யாங், நியாமுக். நியாமுக் சுவருக்குக் கொசுத் தைலம் இல்லாமல் போகிறவர்களை நான் அழைத்துப் போவதில்லை. தைப்பூச வாரத்தில் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். சாலை கிடைக்காது, அன்றைக்கு மலை முருகனுக்கு. மழை பெய்து ஓய்ந்த பிறகும் தொங்கு கல்தூண்கள் சில நாள் கசிந்துகொண்டே இருக்கும், கை வழுக்கும். பிடிப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். கல் ‘டொக்’ என்று கனமாகச் சொன்னால் பிடிக்கலாம். பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் பக்கத்தில் வேறு பிடி தேடுங்கள். துளைகளில் விரல் விடும் முன் உள்ளே பாருங்கள், குளவிக்கும் அதுதான் வீடு.

இங்கே எழுதியிருக்கும் தரம் பிரெஞ்சு முறை: 5, 6ஏ, 6பி என்று போகும். டோலமைட்டில் பழைய பாதைகளுக்கு 1 முதல் எண்ணும் யுஐஏஏ (அனைத்துலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு) முறை. அங்கே 5ஆம் தரம் என்பது ஏறக்குறைய இங்கே 5க்குச் சற்றுக் கீழே. அங்கே 6இன் மேற்பகுதி இங்கே 6ஏ. காகிதத்தில் இவ்வளவுதான். பாறையில் வேறு. இங்கே இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு போல்ட், அதாவது கயிறு மாட்டப் பாறையில் துளையிட்டுப் பதித்த ஆணி. அங்கே கயிற்று நீளம் ஒன்றில் துருப்பிடித்த பழைய ஆணி ஒன்றிரண்டு மட்டும் இருக்கலாம், மீதியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் பத்துமலையில் 6ஏ பாதையைக் கயிற்றை முன்னே கொண்டுபோய்ப் பதற்றமில்லாமல் முடிக்கிறவர், அங்கே 4ஆம் தரத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும்.

அடுத்தது புக்கிட் தாக்குன். பல கயிற்று நீளப் பாதைகள் அங்கே இருக்கின்றன. வனத்துறை நிலம் என்பதால் அனுமதி நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, தெரிந்தவர்களோடு மட்டும் போங்கள். நடுச்சுவரில் நங்கூரம் (நம்மையும் கயிற்றையும் பாறையோடு பிணைக்கும் பிடிமானம்) கட்டுவது, தொங்கிக்கொண்டே கயிறு மடிப்பது, ஆள் தெரியாத தூரத்தில் பேச்சில்லாமல் புரிந்துகொள்வது எல்லாம் இங்கேதான் பிடிபடும். கால் பயிற்சிக்குக் கோலகுபு பாரு பக்கம் புக்கிட் குத்து இருக்கிறது. ஏறும் கயிறு உட்பட முழுச் சுமையையும் முதுகில் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். டோலமைட்டில் பாறையின் அடிக்குப் போகவே உதிரிக் கல் சரிவில் ஒன்றிரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய இடங்கள் உண்டு.

கயிறு பிடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொல்லும்போது நான் செம்பனைத் தோட்டத்தைத்தான் காட்டுவேன். குலை வெட்டுகிறவர் நீளக் கம்பைப் பிடித்து அண்ணாந்து நிற்பார்; ஆனால் மட்டையும் குலையும் விழும் கோட்டில் ஒருபோதும் நிற்கமாட்டார், ஓரடி விலகித்தான் நிற்பார். நம் அப்பாமார் உடம்பில் ஊறிய பழக்கம் அது. ஏறுகிறவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கல் விழும், காரபைனர் என்ற மாட்டுக் கொக்கி விழும், சில நேரம் ஆளும் விழுவார்.

எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

தலைக்கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்துமலையில் அது இல்லாமல் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். டோலமைட்டில் மேலே இன்னொரு குழு ஏறிக்கொண்டிருந்தாலே கல் மழைதான். அடிவாரம் வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும், திரும்பி நடைபாதை வரும்வரை கழற்றக்கூடாது.

கயிறு: கோபுரங்களுக்கு 60 மீட்டர் அரைக்கயிறு (இரட்டையாகப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) இரண்டு எடுத்துப் போவது வழக்கம். இரண்டு வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும். ஏன் என்று இறக்கத்தில் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் முழு 60 மீட்டர் இறங்கலாம், ஒரே கயிறாக இருந்தால் பாதி நீளம்தான். இழுத்தால் நீளும் ஏறுகயிறுதான் வேண்டும். கட்டுமானக் கடையில் கிடைக்கும் நீளாத கயிறு விழுகிறவரின் இடுப்பை உடைத்துவிடும். அடுத்தவர் பயன்படுத்திய கயிறு மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம். அது எத்தனை விழுச்சிகளைத் தாங்கியது என்பது விற்கிறவருக்கே நினைவிருக்காது.

மற்றவை: வெடிப்பில் வைக்கும் நட்டுகள் ஒரு தொகுதி, வெடிப்பில் விரிந்து பிடிக்கும் காம்கள் சில, ஏறுகயிற்றைப் பிடிமானத்தோடு இணைக்கும் குவிக்டிராக்கள், பூட்டுக் காரபைனர்கள், ஏறுகயிற்றில் சுற்றினால் இறுக்கிப் பிடிக்கும் பிரூசிக் கயிறு ஆளுக்கு இரண்டு, தலைவிளக்கு. நீளமான சிலிங்குகளை (வளையமாகத் தைத்த நாடாக்கள்) மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். டோலமைட் பாறையில் தண்ணீர் குடைந்து இரண்டு துளைகள் பின்னால் ஒன்றுசேர்ந்து, நடுவில் சிறு கல்தூண் மட்டும் நிற்கும் இடங்கள் நிறைய. அந்தத் தூணைச் சுற்றி 120 சென்டிமீட்டர் சிலிங்கை நுழைத்துக் காரபைனரை மாட்டினால் காசில்லாத பாதுகாப்பு. தூண் உங்கள் மணிக்கட்டைவிட மெலிந்திருந்தால் நம்பாதீர்கள். ஏற்கெனவே யாரோ விட்டுச்சென்ற வெளுத்துப்போன சிலிங் அதில் கிடந்தால் அது வழிகாட்டிப் பலகை மாதிரி, பாதை சரி என்று காட்டும். ஆனால் அதில் உங்கள் உயிரைத் தொங்கவிட வேண்டாம். உங்களுடையதைப் புதிதாக நுழையுங்கள்.

குளிருக்கான உடையை நம் ஊரில் இருந்துகொண்டு கணக்குப் போட முடியாது. ஆகஸ்டில்கூட 2,500 மீட்டரில் அதிகாலை குளிர் எலும்பில் தைக்கும். காற்றுத் தடுக்கும் மேலுடை, மெல்லிய கையுறை, காதை மூடும் தொப்பி மூன்றும் பையில் இருக்கட்டும்.

யாரோடு போவது

முதல் பயணத்தில் ஓரிரு நாளாவது அனைத்துலகச் சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டியை அமர்த்துங்கள். கட்டணம் அதிகம்தான், மலேசிய வெள்ளியாக மாற்றிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். நான்கு பேராகப் போய்ச் சிங்குவே தோர்ரியில் ஒரு நாள் கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டால் தாங்கும். அவரிடம் உச்சிக்கு அழைத்துப் போகச் சொல்லாதீர்கள். நங்கூரம் கட்டுவதையும் இறங்குவதையும் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

தோழர் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. நன்றாக ஏறுகிறவரைவிட, “இன்றைக்கு வேண்டாம், திரும்பலாம்” என்று வெட்கமில்லாமல் சொல்லத் தெரிந்தவரோடு போங்கள். பத்துமலையில் ஒரு முறைகூடப் பின்வாங்காத வீரரைக் கோபுரத்துக்கு அழைத்துப் போவது ஆபத்து.

ஏறும் நாள்

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் பருவம். கோடையில் அங்கே பிற்பகல் இடி மழை அடிக்கடி வரும். கோபுர உச்சி இடிக்குப் பிடித்த இடம். அதனால் விடியலில் பாறையடியில் இருந்து, நண்பகலை ஒட்டி உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மலைவிடுதிக்காரரிடம் முதல் நாள் இரவே வானிலை கேளுங்கள். கைப்பேசிச் செயலியைவிட அவருக்கு அந்தப் பள்ளத்தாக்கு தெரியும்.

புறப்படும் முன் ஒருவரை ஒருவர் சோதிப்பதைச் சடங்காக்கிக்கொள்ளுங்கள். “முடிச்சைக் காட்டு.” “இதோ அண்ணா. உங்கள் காரபைனர் பூட்டியிருக்கிறதா?” “பூட்டியிருக்கிறது, தொட்டுப் பார்.” வயதில் மூத்தவர் என்று இளையவர் கேட்கத் தயங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாறையடியில் அந்த மரியாதை வேண்டாம். அக்காவானாலும் அண்ணனானாலும் தொட்டுப் பாருங்கள்.

மேலே போன பிறகு காற்றில் குரல் கேட்காது. இத்தாலியரும் ஜெர்மானியரும் கத்துகிற கூச்சலுக்கு நடுவே தமிழில் கத்துவது உண்மையில் வசதி, யாருடைய கட்டளை என்ற குழப்பம் வராது. மூன்றே சொற்கள் போதும்: நங்கூரம் கட்டியதும் மேலே இருப்பவர் ‘கட்டியாயிற்று’, கயிறு இழுத்து முடிந்து தன் இடுப்பில் இறுகியதும் கீழே இருப்பவர் ‘நான்தான்’, ஏறலாம் என்றால் மேலே இருப்பவர் ‘வா’. குரலும் எட்டாவிட்டால் கயிற்றை எத்தனை முறை இழுப்பது என்று கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் இறங்குவது

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. டோலமைட்டுக்குப் போகுமுன் பத்துமலையில் இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகுங்கள்.

1. இறங்கு நங்கூரத்தை அடைந்ததும் முதல் வேலை, சிலிங்கால் உங்களை அதில் பூட்டிக்கொள்வது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம். நங்கூரத்தின் வளையத்தையும் அதைத் தாங்கும் ஆணிகளையும் பாருங்கள். பழைய கயிற்று வளையம் மட்டும் இருந்தால் உங்களிடமுள்ள உதிரிச் சிறுகயிற்றை வெட்டிப் புது வளையம் போடுங்கள். சில யூரோ நட்டம், அவ்வளவுதான்.

2. ஒரு கயிற்றின் நுனியை வளையத்தில் நுழைத்து மற்றக் கயிற்றோடு சேர்த்து முடியுங்கள். முடிச்சுக்கு வெளியே வால் இரண்டு சாண் இருக்கட்டும். எந்த நிறத்தை இழுத்தால் கயிறு வரும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “சிவப்பை இழுக்க வேண்டும்.” கீழே போன பிறகு யோசிக்க முடியாது.

3. இரண்டு கயிற்றின் அடி நுனியிலும் தனித்தனியே முடிச்சுப் போடுங்கள். கயிறு தரையைத் தொடுகிறது என்று நம்பி, நுனியைத் தாண்டி வழுக்கி விழுந்து இறந்தவர்களில் பேர்பெற்ற வீரர்களும் உண்டு.

4. இறங்கு கருவியை மாட்டி, அதற்குக் கீழே பிரூசிக் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டுங்கள். கை நழுவினாலும் அது இறுக்கிப் பிடிக்கும். இப்போது சிலிங்கைக் கழற்றாமலே உடல் எடையைக் கயிற்றில் போட்டுப் பாருங்கள். தாங்கினால் மட்டும் சிலிங்கைக் கழற்றுங்கள்.

5. முதலில் இறங்குகிறவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த நங்கூரத்தைத் தேடுவது அவர் வேலை. நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கலாம். தாண்டிப் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் நின்று பிரூசிக்கில் ஏறி வாருங்கள்; இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

6. இருவரும் வந்து சேர்ந்து புதிய நங்கூரத்தில் பூட்டிக்கொண்டதும், இழுக்கும் முன் நுனி முடிச்சுகளை அவிழுங்கள். அவிழ்க்க மறந்தால் மேலே போகும் நுனி வளையத்தில் சிக்கிக்கொள்ளும், இருவரும் நடுச்சுவரில். மெதுவாக இழுங்கள். கயிறு கடைசியாக விழும்போது கூடவே கல்லும் வரும், சுவரோடு ஒட்டி நில்லுங்கள்.

இது ஒவ்வோர் இறக்கத்துக்கும் மறுபடி மறுபடி. ஐந்தாவது இறக்கத்தில் சலிப்பு வரும். விபத்துகளுக்கு அந்தச் சலிப்பு பிடிக்கும்.

பயண விவரங்கள், சுருக்கமாக

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் சுற்றுலாவாக ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். கிழக்குப் பக்கக் கோபுரங்களுக்கு வெனிஸில் இறங்கி பஸ்ஸில் கோர்தினா போவது வசதி. மலைவிடுதிகளில் ஆகஸ்டில் இடம் கிடைப்பது அரிது, பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். இரவு உணவும் காலை உணவும் சேர்த்தே கணக்கு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சீஸ்தான் மூன்று வேளையும். ஊறுகாய்ப் புட்டி ஒன்று கொண்டுபோனால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மேற்கு வட்டாரத்தில் ஒரே மலைக்கு இத்தாலியப் பெயரும் ஜெர்மானியப் பெயரும் இருக்கும். வரைபடத்தில் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மீட்புச் செலவை ஏற்கும் மலையேற்றக் காப்புறுதி இல்லாமல் போகாதீர்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் கயிறு கட்டி ஏறுவது விலக்கப்பட்டிருக்கும், சிறு எழுத்தைப் படியுங்கள். அவசர எண் 112. கைப்பேசி எடுக்காத இடத்தில் ஆல்ப்ஸ் சைகை: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விளக்கோ விசிலோ, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. மறுமொழி நிமிடத்துக்கு மூன்று முறை வரும்.

கடைசியாக வீடு. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். “கூட்டாளிகளோடு இத்தாலி சுற்றிப் பார்க்கப் போகிறேன்” என்பார்கள். அது வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது பாதையின் பெயர், விடுதியின் தொலைபேசி எண், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கோடையில் நம் நேரம் அவர்களைவிட ஆறு மணி முன்னால். நீங்கள் மாலை ஆறுக்கு விடுதி திரும்புவதாகச் சொன்னால் ஊரில் அப்போது நள்ளிரவு. யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துச் செய்தி அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். விழித்திருப்பார்கள். மலைவிடுதியில் அலைவரிசை இல்லையென்றால் விடுதித் தொலைபேசியைக் கேளுங்கள், கொடுப்பார்கள்.